எவர்கிரீன் ஸ்டைரீன் விமர்சனம்: புகாட்டி டைப் 35 கட்ட எதை வாங்கலாம், எதை விடலாம்

பெட்டி மாடல்களைக் கட்டி முடித்துவிட்டு, அடுத்ததாக ஒரு பழைய பந்தயக் காரை அடியிலிருந்து தாமே உருவாக்க நினைப்பவர்கள் சிங்கப்பூர் மாடல் கடைகளில் தேடிப்போவது பெரும்பாலும் எவர்கிரீன் நிறுவனத்தின் அடுக்கைத்தான். அமெரிக்காவில் தயாராகும் வெள்ளை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள், பட்டை, கம்பி, குழாய் ஆகியவை சின்னச் சின்னப் பொட்டலங்களாக அங்கே தொங்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பட்டையும் கம்பியும் குழாயும் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். வெறும் தாளை எவர்கிரீனில் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சுமை தாங்கும் பாகத்துக்கு ஸ்டைரீன் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கூடாது.

இதைச் சோதிக்க 1/12 அளவில் புகாட்டி டைப் 35ஐ விடப் பொருத்தமான கார் கிடையாது. 1924 ஆகஸ்டில் லியோனில் நடந்த கிராண்ட் பிரீயில் அறிமுகமான கார் இது. அதன் முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2,400 மிமீ, இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1,200 மிமீ. பன்னிரண்டால் வகுத்தால் 200, 100 என்று முழு எண்களாகவே வரும். எஞ்சின் சிலிண்டரின் உள்விட்டம் 60 மிமீ என்பதால் மாடலில் 5 மிமீ. லியோனில் போட்டிருந்த 710×90 டயர் ஏறத்தாழ 59 மிமீ விட்டமும் 7.5 மிமீ அகலமும் ஆகிறது. கணக்குப் போடும் இயந்திரத்தைத் தூர வைத்துவிட்டு வரைபடம் போடலாம். ஆனால் தாளில் கத்தி வைப்பதற்கு முன் எந்த ஆண்டு வண்டி என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த 35பி போன்ற வகைகளின் ரேடியேட்டர் முதல் வண்டிகளுடையதைவிடப் பெரியது. இரண்டின் படங்களையும் கலந்து பார்த்துக் கட்டினால் முகம் எந்த வண்டியுடையதாகவும் இருக்காது.

இனி பொட்டலத்துக்குள் இருப்பதைப் பார்ப்போம். எவர்கிரீன் தாள் 15×30 செமீ. பட்டையும் கம்பியும் சுமார் 35 செமீ நீளம். எல்லாமே அங்குலக் கணக்கில் தயாராகி, மில்லிமீட்டரில் சுற்றி எழுதப்பட்டவை. '2.4 மிமீ' என்று போட்டிருக்கும் குழாய் உண்மையில் 3/32 அங்குலம், அதாவது 2.38 மிமீ. '3.2' என்பது 3.18. தனியாகப் பார்த்தால் இது ஒன்றுமில்லை. வரைபடம் மில்லிமீட்டரிலும் துளைக்கருவி மில்லிமீட்டரிலும் இருக்கும்போது, நாலைந்து துண்டுகளை அடுக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கைக்குள் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொண்டு, பொட்டலத்தின் எண்ணை நம்பாமல் அளந்து எழுதிக்கொள்வது நல்லது. இந்த நிறுவனத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பட்டையின் ஒரு முனையிலும் மறுமுனையிலும் தடிமன் ஒன்றாகவே இருக்கும். பொட்டலம் மாறினாலும் அது மாறுவதில்லை. 0.5×0.5 மிமீ சதுரப் பட்டையைத் தாளிலிருந்து கையால் அறுத்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கையால் அறுத்தது சுருண்டுகொள்ளும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

தாள் விஷயத்தில் இந்தப் பலம் அவ்வளவு பயன்படுவதில்லை. ஜப்பானிய நிறுவனமான டமியாவின் பிளா-பிளேட் என்னும் ஸ்டைரீன் தாள் பி4 அளவு, அதாவது 257×364 மிமீ. ஒரு தாளில் எவர்கிரீனைப் போல இருமடங்குக்கு மேல் பரப்பு கிடைக்கும். 0.3, 0.5, 1.0 மிமீ தடிமன்கள் நேரடியாக மில்லிமீட்டரிலேயே வருகின்றன. பசை இரண்டிலும் ஒரே மாதிரிதான் பிடிக்கும். பின்பாகத்துக்கான 0.75 மிமீயைத் தவிர, எவர்கிரீன் தாளில் வாங்கத் தகுந்தது 0.25 மிமீ ஒன்றுதான். அந்த மெல்லிய தாள் டமியாவில் இல்லை. எஞ்சின் மூடியின் பட்டிக்கும் ரேடியேட்டர் விளிம்புக்கும் 0.3ஐவிட அது அழகாகப் படியும்.

அடிச்சட்டம்தான் இந்தக் காரில் முதல் பரீட்சை. டைப் 35இன் பக்கச் சட்டம் நேர்க்கோடு அல்ல. எஞ்சினுக்குக் கீழே ஆழமாகவும் இரு முனைகளிலும் மெலிந்தும் போகும், குறுக்குவெட்டு 'ப' வடிவம். 1.0 மிமீ தாளில் இரண்டு துண்டுகளை இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டி, ஒன்றாகவே அறுத்து, ஒன்றாகவே அரம் போடுங்கள். இடமும் வலமும் அப்போதுதான் ஒன்றுபோல் வரும். கத்தியால் முழுக்க அறுக்க வேண்டாம். ஓல்ஃபாவின் கொக்கிக் கத்தியால் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கீறி, மடக்கினால் 1.0 மிமீ சுத்தமாக முறியும். வளைவுகளுக்கு மட்டும் சற்று வெளியே அறுத்துவிட்டு அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மேலும் கீழும் 0.5 மிமீ தடிமனுள்ள எவர்கிரீன் பட்டையை ஓரமாக நிறுத்தி ஒட்டினால் 'ப' வடிவம் கிடைத்துவிடும். உண்மையான இரும்புத் தகட்டை 1/12க்குச் சுருக்கினால் அரை மில்லிமீட்டர் தடிமன் அதிகம். அதற்காக எல்லாவற்றையும் மெல்லிய தாளில் கட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரிவாகச் சீவிவிட்டால் போதும், பார்வைக்கு மெல்லிய தகடு போலவே இருக்கும்.

பசை பற்றி இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாடல்கள் கெடுவது இங்கேதான். டமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடிக் குப்பி, இந்த வேலைக்கு மிகச் சரியானது. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால் திரவம் தானாக உள்ளே ஓடும். அது ஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குகிறது, மேலே பூசிய கோந்து மாதிரி இல்லை. அதனால் இரண்டு அகலமான தாள்களை முகத்தோடு முகம் ஒட்டி அடுக்கும்போது, நடுவில் மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நாட்கணக்கில் உள்ளேயே இருக்கும். மேலே அரம் போட்டு, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மெதுவாக வெளியேறும்போது பரப்பில் குழி விழும் அல்லது தகடு வில்லாக வளையும். ஒட்டுவதற்கு முன் உள்தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் சிறு துளைகள் போடுங்கள். பின் குறைந்தது இரண்டு நாள் கனமான பொருளின் கீழ் வையுங்கள். 0.25 மிமீ தாளில் இந்தப் பசையை ஒரு சொட்டு அதிகம் விட்டாலும் தாள் கரைந்து உருகியது போல் சுருங்கிவிடும். அங்கே தூரிகையை முதலில் குப்பியின் வாயில் வழித்துவிட்டுத் தொட வேண்டும்.

கூம்பாக முடியும் பின்பாகம் தாளை மடித்து வராது. இரட்டை வளைவு கொண்டது அது. அதற்கு மர அச்சு தேவை. நம் வட்டாரத்து ஜெலுத்தோங் மரம் அச்சுக்கு மிக நல்லது: இழை சீராக இருக்கும், சீவினால் பிளக்காது. அச்சைத் தாளின் தடிமன் அளவுக்கு எல்லாப் பக்கமும் சிறிதாகச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிந்த உடல் பருத்துப்போகும். 0.75 அல்லது 1.0 மிமீ தாளை ஒரு தனிச் சட்டகத்தில் பிடித்துச் சூடாக்கி, தொய்ய ஆரம்பித்ததும் அச்சின் மேல் இழுங்கள். நுனியில் தாள் இழுபட்டு மெலியும் என்பதால் இங்கே 0.5 வேண்டாம், அரம் போடும்போது ஓட்டையாகிவிடும். இடது பாதி, வலது பாதி என இரண்டாக எடுத்து நடுவில் சேர்ப்பதுதான் எளிது.

எஞ்சின் மூடியின் காற்றுத் துவாரங்கள் எவர்கிரீன் தன் விலையை நியாயப்படுத்தும் இடம். 1.0 மிமீ அரைவட்டப் பட்டையை ஒரே நீளத்தில் வெட்ட ஒரு சிறு தடுப்புக் கட்டை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் முன்விளிம்பையும் மூடியோடு கலந்துபோகும்படி தேய்த்து, பின்விளிம்பை மட்டும் எழுந்து நிற்க விடுங்கள். ஒட்டுவதற்கு முன் பின்விளிம்பு விழும் கோட்டில் ஆழமாக ஒரு கீறல் போட்டிருந்தால், பெயின்ட் அடித்த பின் அந்த நிழல் உண்மையான திறப்பு போலத் தெரியும். இடைவெளி ஒன்று தவறினாலும் முழு வரிசையும் கோணலாகத் தெரியும் என்பதால் ஒட்டும் கோடுகளைப் பென்சிலில் போடாமல் ஊசியால் கீறிவிடுங்கள்.

எட்டு அகலமான தட்டை ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரம்தான் இந்தக் காரின் அடையாளம். பிரேக் உருளையும் அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. ஒரே ஒரு மூலச் சக்கரத்தை மட்டும் ஸ்டைரீனில் செய்து, சிலிக்கோன் அச்செடுத்து, பாலியூரிதேன் ரெசினில் வார்ப்பதே நேர்வழி. நான்கு சக்கரங்களைத் தனித்தனியாகச் செய்தால் முப்பத்திரண்டு ஆரங்களில் ஒன்றாவது வேறுபடும். விளிம்புக்கு 0.5 மிமீ பட்டையை 44 மிமீ உருளையில் சுற்றிக் கட்டிக் கொதிநீரில் முக்கி, பின் குளிர்நீரில் போட்டால் வளைவு நிலைத்துவிடும். சூடு காட்டாமல் வளைத்தால் பட்டை வெளுத்து முறியும், அல்லது ஒட்டிய பிறகு திறந்துகொள்ளும். சிங்கப்பூரில் வார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலியூரிதேன் ரெசினின் ஒரு பகுதி ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவை உண்டாக்கும். திறந்து வைத்த குப்பியில் நம் ஊர்க் காற்றே போதும், ஆரத்துக்குள் நுரைக்குமிழிகள் வந்துவிடும். சிறிய குப்பிகளாக வாங்குங்கள், எடுத்தவுடன் மூடுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

இனி ஸ்டைரீன் தோற்கும் இடங்கள். டைப் 35இன் முன் அச்சு உள்ளே வெற்றாக இருக்கும் வட்ட அச்சு. அதில் சதுரத் துவாரங்கள் வெட்டி, முன் வில்பட்டைகள் அவற்றின் ஊடாகவே போகின்றன. அவ்வளவு அழகான பாகத்தை ஸ்டைரீன் கம்பியில் செய்தால் ரெசின் சக்கரங்களின் எடையில் சில மாதங்களில் நடு தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் உடையாவிட்டாலும் எடையின் கீழ் மெதுவாக ஊர்ந்து வளையும். கே அண்ட் எஸ் பித்தளைக் குழாய்களில் செய்யுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவுகளில் கிடைப்பதால் நடு தடித்து முனை மெலியும் வடிவத்தையும் கொண்டுவரலாம். சாலிடரிங் வேலை முழுவதையும் முடித்துக் கழுவிய பிறகே பிளாஸ்டிக்கின் அருகில் கொண்டுவாருங்கள். சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயங்களை நினைத்து லோட்டஸ் 23 பந்தயக் காரைக் கட்ட விரும்புபவர்களுக்கும் இதே அறிவுரைதான். அது குழாய்ச் சட்ட வண்டி. 25 மிமீ குழாய் 1/12இல் 2.1 மிமீ ஆகிறது. அந்தத் தடிமனில் ஸ்டைரீன் குழாய்ச் சட்டம் கையில் எடுத்தாலே முறுக்கும்.

கருவிப் பலகையின் சுழல்வட்டப் பளபளப்பையும் வெள்ளிப் பெயின்டில் கொண்டுவர முடியாது. மெல்லிய அலுமினியத் தகட்டில், சுழலும் கருவியின் முனையில் 1.5 மிமீ அளவுக்கு வெட்டிய கரடுமுரடான ரப்பர் அழிப்பானை மாட்டி, வட்டத்தின் மேல் வட்டம் பாதி படியும்படி வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒரு வரிசை முடிந்ததும் அழிப்பானின் முனையைத் திரும்பவும் தட்டையாக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டங்கள் மங்கும்.

அறுகோணக் கம்பி தேடுபவர்கள் பிளாஸ்ட்ரக்ட் நிறுவனத்தின் பக்கம் போவார்கள். அங்கே சாம்பல் நிறத்தவை ஏபிஎஸ் என்னும் வேறொரு பிளாஸ்டிக், வெள்ளை நிறத்தவை ஸ்டைரீன். சாம்பல் நிறத்தை எக்ஸ்ட்ரா தின்னில் ஒட்டினால் பிடிப்பு பலவீனமாக இருக்கும், ஏபிஎஸ்ஸுக்கு உரிய பசை வேண்டும்.

பெயின்டுக்கு டமியாவின் டிஎஸ்-10 பிரெஞ்சு நீலம் நல்ல தொடக்கம். கீழே அவசியம் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள், நேரடியாக ஸ்டைரீனில் கனமாக அடித்தால் கரைப்பான் பரப்பைக் கடித்துவிடும். இங்கே மழையில்லாத நாளில் விடியலில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், நடுப்பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். இத்தகைய லாக்கர் பெயின்ட் அடிக்கும் நேரம் அதுதான். ஈரமான வேளையில் அடித்தால் ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிரவைத்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்புகை போல் மங்கிவிடும். மழைக் காலத்தில் குளிரூட்டிய அறையில் காயவிடலாம், ஆனால் அங்கே அடிக்கக் கூடாது. வாசமும் தீப்பிடிக்கும் ஆவியும் வெளியேற வழி வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொது நடைபாதையும் அதற்கான இடமல்ல.

வாங்கும் அளவு: சட்டம், உடல், எஞ்சினுக்கு டமியா 0.5 மிமீ ஒரு பொட்டலம், 1.0 மிமீ இரண்டு. எவர்கிரீனில் 0.25 மிமீ தாள் ஒன்று, பின்பாக அச்சில் இழுக்க 0.75 தாள் ஒன்று, 0.5 மிமீ தடிமனில் இரு வேறு அகலங்களில் பட்டைகள், 1.0 மிமீ அரைவட்டம் இரண்டு, 2.4 முதல் 4.0 மிமீ வரையிலான குழாய்களில் ஒவ்வொன்று. உடைந்தும் வீணாகியும் போவதற்கு இதிலேயே இடம் இருக்கிறது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் கலைப்பொருள் கடைகளில் பெரிய தாள்களும் அறுக்கும் கருவிகளும் பார்க்கலாம். பட்டைகளை எடுக்கும்போது பொட்டலத்தை விளக்குக்கு எதிரே நேர்க்கோட்டில் பிடித்துப் பாருங்கள். கொக்கியில் நீண்ட நாள் தொங்கியவை வளைந்திருக்கும், அவற்றை அடுக்கிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பொட்டலங்களைத் தொங்கவிடாமல் தட்டையாகப் படுக்க வையுங்கள். வெயில் நேராக விழும் மேற்கு ஜன்னல் ஓரம் வேண்டாம்.