சாண எரிவாயுக் கலன் அமைக்கும் சேவை: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

எங்கள் வளவில் சாண எரிவாயுக் கலன் கட்டித் தந்தவர்களின் கொத்து வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுப்பில் நீலச் சுவாலை புகையின்றி எரிகிறது. வெளியேறும் கரைசல் கத்தரிப் பாத்திக்கு அருமையான பசளை. ஆனால், திட்டமிடும்போது ஊராரை ஒருநாளாவது கூட்டிக் கேட்டிருந்தால், மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல் வயலில் நிற்கும் மாதங்களில் மாடுகளைத் தூர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துச் செல்வதால் பட்டியில் சாணம் மிஞ்சாது என்பதையும், சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கேட்கும் கலனுக்கு ஆவணி வெயிலில் கிணறு ஈடுகொடுக்காது என்பதையும் பெண்களே சொல்லியிருப்பார்கள். மார்கழியில் நான் மறுபடியும் விறகு பொறுக்கினேன். இச்சேவையை நாடுவோர், கலனின் அளவைத் தீர்மானிக்குமுன் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டி, மாரியில் எத்தனை மாடுகள் வீட்டில் நிற்கும் என்று கணக்கெடுக்கும்படி கலன் கட்டுவோரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.