இன்க்விசிஷனா, வெயில்கார்டா? ரெண்டையும் திரும்ப விளையாடிப் பாத்து எடுத்த முடிவு

டிராகன் ஏஜ்ங்கற ஃபேண்டஸி வீடியோ கேம் சீரிஸுக்குள்ள புதுசா வர்றவங்களும் சரி, பழைய ஆளுங்க இன்னொரு ரவுண்டு போகலாம்னு கிளம்புறவங்களும் சரி, கடைசில முட்டி நிக்கிறது இந்த ரெண்டுலதான். 2014 நவம்பர்ல வந்த இன்க்விசிஷன், இல்லன்னா 2024 அக்டோபர் 31ல வந்த தி வெயில்கார்ட். 2009ல முதல் கேம் ஒரிஜின்ஸ் வந்த காலத்துலேருந்து இந்த உலகத்தோட கூடவே வர்றவன் நான். இப்ப ரெண்டையும் ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணா விளையாடிட்டு, இன்க்விசிஷனை வச்சுக்கிட்டு வெயில்கார்டை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஏன்னு சொல்றேன், ரெண்டு கதைக்கும் ஸ்பாய்லர் நிறைய வரும், பாத்துக்கோங்க.

கிராஃபிக்ஸ் பத்தி பேசவே வேண்டாம், நடுவுல பத்து வருஷம் ஓடிருக்கு, வெயில்கார்ட்தான். கேரக்டர் கிரியேட்டர்ல அந்த முடி ஒண்ணே போதும், இன்க்விசிஷன்ல எதை எடுத்தாலும் பிளாஸ்டிக் தொப்பி மாதிரிதான் இருக்கும். சண்டையும் வெயில்கார்ட்ல வேகம், டாட்ஜ் பண்ணி, பேரி பண்ணி, கூட இருக்கறவங்க ஸ்கில்லோட காம்போ வெடிக்க வைக்கிறது நல்லாவே இருக்கு, போட்ட ஸ்கில் பாயின்ட்டை எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம். ஆனா கூட ரெண்டே பேர்தான் வருவாங்க, அவங்களுக்கு ஆர்டர் போடலாமே தவிர நீங்களே அவங்களா மாறி விளையாட முடியாது. இன்க்விசிஷன்ல மூணு பேர், யாருக்கு வேணா மாறிக்கலாம், சண்டையை நிறுத்தி மேலேருந்து பாத்து பிளான் போடலாம். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும். வெயில்கார்டை நான் வாரியரா மட்டும்தான் முடிச்சிருக்கேன், மேஜ் எடுத்தா இந்தக் கணக்கு மாறலாம், அதனால சண்டையை வச்சு நான் தீர்ப்பு சொல்லல.

இன்க்விசிஷன்ல குறை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல வர்ற பெரிய ஏரியா ஹின்டர்லேண்ட்ஸ்ல மாட்டிக்கிட்டு அதுதான் மொத்த கேமும்னு நினைச்சு பாதியில விட்டவங்க ஏகப்பட்ட பேர். ஷார்டுங்கற துண்டுகளைத் தேடிப் பொறுக்குறது, வார் டேபிள்ல ஒரு வேலைக்கு ஆள் அனுப்பிட்டு நிஜ நேரத்துல மணிக்கணக்கா காத்திருக்கிறது, எல்லாம் இழுவைதான். வெயில்கார்ட்ல அந்த இழுவை கிடையாது, மேப் சின்னது, கிளம்பினா ஏதாவது ஒரு விஷயம் கிடைச்சுட்டே இருக்கும்.

எனக்கு முடிவு பண்ணினது வேற. நீங்க எடுத்த முடிவை கேம் ஞாபகம் வச்சிருக்கா இல்லையாங்கறதுதான்.

இன்க்விசிஷனுக்கு கீப்னு ஒரு வெப்சைட் குடுத்தாங்க, அதுல முன்னாடி ரெண்டு கேம்ல நீங்க என்னென்ன பண்ணீங்கன்னு ஒவ்வொண்ணா டிக் பண்ணி உங்க உலகத்தை உள்ள கொண்டு வரலாம். இது ஏதோ பேருக்கு வச்ச வசதி இல்ல. அடமன்ட் கோட்டைக்குப் போற இடத்தை எடுத்துக்கோங்க. ஒரிஜின்ஸ்ல உங்ககூட வந்த அலிஸ்டரை நீங்க ராஜா ஆக்காம, அரக்கக் கூட்டத்தோட போராடற கிரே வார்டன் படையிலேயே விட்டிருந்தா, இங்க உங்ககூட வர்ற வார்டன் அவன்தான். பக்கத்துல ஹாக், ரெண்டாவது கேம் முழுக்க நீங்களா இருந்த ஆளு, மூஞ்சியைக்கூட நீங்களே செட் பண்ணிருப்பீங்க. ஃபேடுங்கற ஆவி உலகத்துக்குள்ள ஒரு ராட்சச சிலந்தி டீமன் வழிய மறிச்சு நிக்கும், யாராவது ஒருத்தர் பின்னாடி நின்னாதான் மத்தவங்க தப்பிக்க முடியும், யாருன்னு நீங்க சொல்லணும். கன்ட்ரோலரை கீழ வச்சுட்டு எழுந்து நடந்தேன் நான். புதுசா வர்ற ஒருத்தருக்கு அது ரெண்டு பேர்ல ஒருத்தர், அவ்வளவுதான், எனக்கு அது வருஷக்கணக்கா மனசுல இருந்த ரெண்டு பேர்.

பழைய கேம் தெரியாட்டியும் பரவால்ல, இன்க்விசிஷன் தன்னோட கதையையே ஞாபகம் வச்சிருக்கும். உங்ககூட சண்டைக்கு வர்ற அயர்ன் புல்லோட ஒரு மிஷன்ல அவனோட ஆளுங்க சார்ஜர்ஸைக் காப்பாத்தறதா, இல்ல அவன் இனமான குனாரியோட கப்பலைக் காப்பாத்தி கூட்டணியை முடிக்கிறதான்னு கேக்கும். அங்க கணக்குப் போட்டு கப்பலைக் காப்பாத்தினீங்கன்னா உடனே பெருசா ஒண்ணும் ஆகாது, கூட்டணி கிடைக்கும், அவனும் பேசிட்டுதான் இருப்பான். அப்புறம் ட்ரெஸ்பாஸர்ங்கற டிஎல்சியில, அதாவது பின்னாடி வந்த கூடுதல் கதையில, கிளைமாக்ஸ் நெருங்கற நேரத்துல, அவனே உங்களுக்கு எதிரா திரும்புவான். சார்ஜர்ஸை காப்பாத்தியிருந்தா கடைசிவரை உங்க பக்கம் நிப்பான்.

வெயில்கார்ட் முன்னாடி கேம்லேருந்து கேக்கறது மூணே மூணு. இன்க்விசிட்டர், அதாவது இன்க்விசிஷன்ல நீங்க விளையாடின ஹீரோ, யாரைக் காதலிச்சார், தான் நடத்தின இன்க்விசிஷன் அமைப்பைக் கலைச்சாரா இல்லையா, கூடவே இருந்துட்டு கடைசில எதிரியா மாறின எல்ஃப் மேஜ் சோலாஸை எப்படியாவது தடுப்பேன்னு சொன்னாரா காப்பாத்துவேன்னு சொன்னாரா. அவ்வளவுதான். ஹாக் என்ன ஆனார், ஃபெரெல்டன் நாட்டுல யார் ஆட்சி, மதத் தலைவரான டிவைன் யாரு, எதுவும் கிடையாது. ஒரிஜின்ஸ்லேருந்தே தெரிஞ்ச சூனியக்காரி மோரிகன் வர்றா, எதிர்ல நின்னு பேசறா. பழங்கால அறிவு சேர்ந்து கிடக்கற வெல் ஆஃப் சாரோஸ்ங்கற கிணத்துல குடிச்சது அவளா நாமளான்னு இன்க்விசிஷன்ல எவ்வளவு பெரிய முடிவு அது, இங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை வராது. அவ பையன் கியரன் பத்தியும் வராது. இதுக்கு மேல முன்னாடி கேம்லாம் நடந்த தெற்குல பிளைட்ங்கற கொடிய நோய் பரவி எல்லாம் அழியுதுன்னு இன்க்விசிட்டர்கிட்டேருந்து லெட்டரா வந்துட்டே இருக்கும். நாம மூணு கேம் முழுக்க காப்பாத்தின ஊர், போறதை லெட்டர்ல படிக்கணும். அந்த இடத்துலதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு.

அதுக்காக வெயில்கார்டுக்கு மனசே இல்லன்னு சொன்னா அது நியாயம் இல்ல. ட்ரெவிஸோ, மின்ராதஸ் ரெண்டு ஊரையும் ஒரே நேரத்துல டிராகன் தாக்கும்போது ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும், விட்ட ஊரு அப்புறம் நிஜமாவே நாசமாதான் கிடக்கும். நம்மகூட வர்ற எம்ரிக்கோட கதை அதைவிட ஒரு படி மேல. மான்ஃப்ரெட்னு ஒரு எலும்புக்கூட்டை பிள்ளை மாதிரி வளர்த்துட்டு, கடைசில அதை மறுபடி எழுப்பறதா, இல்ல வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட மாதிரி சாவே இல்லாத லிச் ஆகறதான்னு நம்ம கையில விடுவாங்க, அந்த சீனை எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு. கடைசி சில மணி நேரம் இந்த சீரிஸ்லயே டாப்ல வர்ற அளவுக்கு இருக்கு. ஆனா நடுவுல நாம விளையாடற ஹீரோ ரூக் யார்கிட்டயும் கடுமையா முகத்தைக் காட்டி பேச முடியாது, எந்த பதிலை எடுத்தாலும் சுத்தி வந்து நல்ல பிள்ளையாதான் பேசுவான். இன்க்விசிஷன்ல கூட வர்ற செரா உங்களை வெறுத்து கிளம்பியே போயிடலாம், அந்த பயம் இங்க ரொம்ப கம்மி.

பழைய கதை எதுவும் வேண்டாம், முப்பது நாப்பது மணி நேரத்துல ஒரு நல்ல ஃபேண்டஸி ஆக்‌ஷன் கேம் முடிக்கணும்னா வெயில்கார்ட் எடுங்க, தப்பே இல்ல. ரெண்டும் விளையாடப் போறீங்கன்னா இன்க்விசிஷனை முதல்ல போடுங்க, ட்ரெஸ்பாஸரோட சேர்ந்து வர்ற கேம் ஆஃப் தி இயர் எடிஷனா பாத்து எடுங்க, அது இல்லாம வெயில்கார்டுக்குள்ள போனா சோலாஸ் யாருன்னே முழுசா புரியாது. ஹின்டர்லேண்ட்ஸ்ல புது ஏரியா திறக்கத் தேவையான பவர் பாயின்ட் கொஞ்சம் சேந்ததும் வேற ஏரியாவுக்கு கிளம்பிடுங்க, அப்புறம் எப்ப வேணா திரும்பி வரலாம். ட்ரெஸ்பாஸர் முடிவுல சோலாஸ் பத்தி கேக்கும்போது நிதானமா யோசிச்சு சொல்லுங்க, அடுத்த கேமுக்கு போய்ச் சேர்ற மூணுல அது ஒண்ணு.