பூசானில் ஒரு நாள், வயிறும் மனசும் நிறைந்தது

கொரியா போகிற நம்ம திருநெல்வேலிக்காரர்கள் சியோலோடு திரும்பிவிடாதீர்கள், பூசானுக்கும் ஒரு நாள் வையுங்கள். ஜகல்சி மீன் சந்தையில் கீழே தொட்டியில் நீந்துகிற மீனைக் காட்டினால் மேல்தளத்தில் சாப்பிடத் தருகிறார்கள், அந்தக் கூலி தனி, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாகவே நறுக்கித் தருவதுதான் அங்கே வழக்கம், தூத்துக்குடி மீன் தின்று வளர்ந்த எனக்கு அது இறங்கவில்லை, ஆனால் காரக் குழம்பு அருமை!

அப்புறம் நாம்போ தெருவில் ஹொத்தோக். எண்ணெயில் பொரித்த மாவைக் கீறி, சர்க்கரைப் பாகோடு சூரியகாந்தி, பூசணி விதைகளை அள்ளித் திணித்துச் சுடச்சுடக் கையில் தருகிறார்கள். சாயங்காலம் டவுனில் இலையில் சூடாக அல்வா வாங்கித் தின்கிற அதே சுகம், இரண்டு தின்றேன். பக்கத்திலேயே குக்ஜே சந்தை, அத்தைக்குக் காலுறை வாங்கினேன்.

கம்சொன் மலைக் கிராமம் கொரியப் போர் அகதிகள் குடியேறிய இடம், 2009-க்குப் பிறகு ஓவியங்களால் மாறியது. படிகள் அதிகம், பெரியவர்களை மெதுவாகக் கூட்டிப் போங்கள்.