ஃபுல் ஃபிரேம் வாங்கட்டுமா என்று கேட்ட மச்சானுக்கு

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் வந்தபின், கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கமராக்களின் விலை நன்றாக இறங்கிவிட்டது. அதைப் பார்த்த வெள்ளவத்தை மச்சான், "கிரொப்பை விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் வாங்கட்டுமா?" என்று கேட்கிறார். படத்தைப் பதியும் சென்சர் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃபிரேம், சிறிதாக இருந்தால் கிரொப். இரண்டும் என்னிடம் பல வருடங்களாக இருக்கின்றன. இரண்டும் 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர்தான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 36 × 24 மில்லிமீற்றர் சென்சரின் பரப்பு, கிரொப்பைவிட ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. இரவில் ஆடிவேல் தேர் வரும்போது அதன் அருமை தெரியும். கிரொப்பில் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வைத்தாலே இருட்டுப் பகுதியெல்லாம் ரவை தூவியதுபோல் ஆகிவிடும். ஃபுல் ஃபிரேமில் 6400 வரை பயமில்லாமல் போகலாம்.

ஆனால் அந்த ஃபோகஸ் புள்ளிகள், அதாவது கமரா கூர்மை பிடிக்கும் இடங்கள்! டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது சென்சர் அல்ல, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனியான சின்னக் கருவி. சென்சர் பெருத்தாலும் அது அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. கிரொப்பில் ஏறக்குறைய ஓரம்வரை பரந்திருக்கும் புள்ளிகள், ஃபுல் ஃபிரேமில் நடுவிலேயே குந்திக்கொண்டிருக்கின்றன. தாலி கட்டும் நேரம் மணப்பெண்ணின் குனிந்த முகம் சட்டத்தின் மூலையில் இருக்கும். நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து, பூட்டி, கமராவைத் திருப்ப வேண்டும். 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8 வரை அகலத் திறந்தால் கூர்மை மெல்லிய பட்டைதான்; அப்படி வைத்துக்கொண்டு திருப்பினால் கண் மங்கும், காது பளிச்சென்று விழும். படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை கெட்டிமேளம் கொட்டச் சொல்ல முடியுமா? பெண் வீட்டாரிடம் சென்சரின் பெருமையைப் பேசித்தான் என்ன பயன்?

கொழும்புப் பேரே வாவிக் கூழைக்கடாக்களுக்கும் கிரொப்தான். 300 மி.மீ. லென்ஸ் அதில் 450 போல நெருக்கிக் காட்டும். அதே நெருக்கத்துக்கு ஃபுல் ஃபிரேம் படத்தை வெட்டினால் மிஞ்சுவது பத்துச் சொச்சம் மெகாபிக்சல்.

ஆகவே மச்சான், கிரொப்பை விற்காதீர்கள். கையில் இருக்கும் காசுக்கு, இருட்டில் கைகொடுக்கும் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம்தான் வேண்டுமென்றால் மிரர்லெஸ்ஸாகப் பாருங்கள். அதில் சென்சரே ஃபோகஸும் பார்ப்பதால் புள்ளிகள் மூலைவரை போகும். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

அடுத்த கல்யாணத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போகப்போவது என்னவோ அந்தப் பழைய ஃபுல் ஃபிரேமைத்தான். நம் மண்டபங்களின் வெளிச்சம் அப்படி.