ஓபன்ஃபோம்: எதைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுத் தரும்

எனக்குக் காற்றுக் குழாய் வடிவமைக்கும் வேலை. ஹோட்டல் அடுப்படிப் புகைபோக்கி, மரப் பட்டறையில் தூசி உறிஞ்சும் குழாய், இந்த மாதிரி. குழாய்க்குள் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுக் காட்டும் ஓபன்ஃபோமைத்தான் நாலு வருடமாக ஓட்டுகிறேன். லைசென்ஸுக்குக் காசு கிடையாது என்றுதான் தொட்டேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980களின் கடைசியில் முளைத்து, 2004இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தோடு வெளியே வந்த மென்பொருள். இன்று முக்கியமாக இரண்டு கிளைகளாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஜூனிலும் டிசம்பரிலும் புதுப் பதிப்பு வருகிற கிளை.

பொத்தானும் பளபளப்பும் எதிர்பார்க்காதீர்கள். ஸீரோ, கான்ஸ்டன்ட், சிஸ்டம் என்று மூன்று ஃபோல்டர், உள்ளே டெக்ஸ்ட் ஃபைல்கள், அவ்வளவுதான். எல்லை நிபந்தனைகள், அதாவது குழாயின் ஓரங்களில் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரங்கள், ஸீரோவுக்குள் இருக்கும். வேகம், அழுத்தம், கொந்தளிப்பின் ஆற்றலான கே, அது சிதைகிற வீதமான எப்சிலான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். காற்று நுழையும் வாய், வெளியேறும் வாய், சுவர் மூன்றிலும் என்ன நடக்கிறது என்று நீங்களே எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஓடாது. தப்பாக எழுதினால் ஜம்மென்று ஓடும்.

நான் மாட்டியது அங்கேதான். கூடவே வரும் மாதிரிகளில் பிட்ஸ்டெய்லியை எல்லோரும் ஓட்டியிருப்பார்கள். 1983இல் பிட்ஸ், டெய்லி இருவரும் வெளியிட்ட சோதனையின் வடிவம் அது: 25.4 மில்லிமீட்டர் வாய், அதே அளவுக்குப் படி போல ஓர் இறக்கம். வேகம் வினாடிக்கு 10 மீட்டர், கே 0.375, எப்சிலான் 14.855. அந்த ஃபோல்டரை நகலெடுத்து, என் 300 மில்லிமீட்டர் சதுரக் குழாயை உள்ளே வைத்து, வேகத்தை மட்டும் 4 ஆக்கினேன். வண்ணப் படமெல்லாம் அழகாக வந்தது.

பல வாரம் கழித்துத்தான் அந்த 0.375 கண்ணை உறுத்தியது. 10 மீட்டரில் 5 சதவீத அலைவு என்றால் 0.5. அதன் வர்க்கத்தை ஒன்றரையால் பெருக்கினால் 0.375. எப்சிலானோ, சுழலின் அளவு வாய் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, 2.54 மில்லிமீட்டர், என்று வைத்துப் போட்ட கணக்கு. என் குழாய்க்கு அதே 5 சதவீதத்தில் கே 0.06தான். சுழல் அளவு 21 மில்லிமீட்டர் என்று வைத்தால் எப்சிலான் ஏறக்குறைய 0.115. நான் கொடுத்திருந்தது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்! வாயில் நுழைந்த கொந்தளிப்பு ஒரு சாண் போவதற்குள் பாதிக்கு மேல் அடங்கிப்போயிருந்தது. மென்பொருள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அதற்கு என் குழாயைத் தெரியுமா?

சுவரோரமும் அப்படித்தான். கணக்குக்காகக் குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பதுதான் மெஷ். வால் ஃபங்ஷன் (சுவரை ஒட்டிய ஓட்டத்தை நேரடியாகத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்புவது) போட்டால், சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் ஒய்-பிளஸ், அதாவது சுவரிலிருந்து அதன் தூரத்தைச் சொல்லும் அலகில்லாத எண், 30க்கும் 300க்கும் நடுவில் இருக்க வேண்டும். மெஷ் பொடியாக இருந்தால் விடை சுத்தமாக வரும் என்று நம்பி முதல் கட்டத்தை 1 மில்லிமீட்டர் ஆக்கினேன். ஒய்-பிளஸ் 7க்கு இறங்கி, திரிசங்கு சொர்க்கத்தில் நின்றது. வால் ஃபங்ஷனுக்கும் ஆகாது, சுவரை நேரடியாகத் தீர்க்கவும் ஆகாது. அதற்கு 1க்குப் பக்கத்தில் வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு ஏற்றியதும் அழுத்த இழப்பு கைக்கணக்கோடு ஒத்துவந்தது.

வெளிவாய்க்கு இன்லெட்அவுட்லெட் என்று ஒரு வசதி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. காற்று வெளியே போகும்வரை உள்ளிருந்து வருகிற மதிப்பையே ஏற்கும். திரும்பி உள்ளே வந்தால் நீங்கள் கொடுத்த மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதற்காக வளைவு முடிந்த இடத்திலேயே குழாயை வெட்டிவிட்டு இதைப் பூசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் சமாளித்துப் பார்த்தேன். 3 மீட்டர் நேராக நீட்டிய பிறகுதான் எண்கள் ஆட்டத்தை நிறுத்தின.

அப்புறம் அழுத்தம். அமுக்கவியலாத (அடர்த்தி மாறாத) ஓட்டத்துக்கான தீர்வியில், அதாவது கணக்குப் போடும் நிரலில், வருவது பாஸ்கல் அல்ல, அடர்த்தியால் வகுத்த எண். காற்றுக்கு 1.2ஆல் பெருக்காமல் விசிறி வாங்கினால் உறிஞ்சல் போதாது. வாங்கியவன் சொல்கிறேன்.

எல்இஎஸ் (பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் முறை) ஓட்டுபவர்களுக்கு, நுழைவாயில் செயற்கைச் சுழல்களை உருவாக்கி அனுப்பும் டிஎஃப்செம் நிபந்தனை இந்தக் கிளையில் இருக்கிறது. வெறும் தற்செயல் இரைச்சலை ஏற்றினால் கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும், இது நிலைக்கும். ஆனால் சராசரி வேகம், ரெனால்ட்ஸ் தகைவு (வேக அலைவுகளால் வரும் தகைவு), சுழல் நீளம் எல்லாம் கேட்கும். என் வேலைக்கு அது யானைத்தீனி.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று, நிபந்தனைகளின் விளக்கத்துக்கு அடிக்கடி நிரலின் தலைப்புக் கோப்பையே திறந்து பார்க்க வேண்டியிருப்பதற்காக. எந்த நிபந்தனைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. வகைப் பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வாழைப்பழம் என்று எழுதி ஓட்டுங்கள். அப்படியொன்று இல்லை என்று கோபித்துக்கொண்டு, இருக்கிற பெயர்கள் அத்தனையையும் வரிசையாகக் கொட்டும். நாலு வருடமாகியும் நான் பழம்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.