மாத முடிவு வேலைகளை வரிசைப்படுத்த ஒரு தாளும் டீசோர்ட்டும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தேயிலைத் தோட்டச் சம்பள மென்பொருளில் ஆகக் கஷ்டமான பிழை, வேலைகள் முன்பின் மாறி ஓடுவதால் வரும் வரிசைப் பிழைதான். ஒவ்வொரு நிரலும் தனியே சரியாக ஓடும், சோதனையிலும் தேறும். சம்பளத் துண்டு மட்டும் தப்பாக வரும். ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டக் கணக்குகளில் இதற்கு நாங்கள் நெடுங்காலமாகக் கையாள்பவை ஒரு தாளும், எது எதற்கு முந்தியது என்று சொன்னால் முழு வரிசையைத் தரும் லினக்ஸின் டீசோர்ட் (tsort) கட்டளையும். 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கட்டளை அது. இன்றும் முதலில் எடுப்பது அதைத்தான்.

ஏழு வேலைகளை எடுத்துக்கொள்வோம்: கொழுந்து நிறை, வருகை, பெயர்க் கணக்கு (ஒரு நாள் வேலைக்கு ஒரு பெயர்), மேலதிகக் கிலோ (நாளின் அளவுக்கு மேல் பறித்த கொழுந்து), சேமலாப நிதி (தொழிலாளியும் தோட்டமும் சேர்ந்து கட்டும் ஓய்வுகால நிதி), முற்பணப் பிடிப்பு, சம்பளத் துண்டு. கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால் 5,040 வரிசைகள் சாத்தியம். "இது மூன்றாவது, அது ஐந்தாவது" என்று இடம் குறிக்கத் தொடங்கினால் புதிதாக ஒரு வேலை சேரும்போது எல்லாம் குலையும். "இதற்குப் பிறகே அது" என்ற சோடிகளை மட்டும் எழுதுங்கள். நிறையும் வருகையும் முடிந்தால்தான் பெயர் போடலாம். முழுப் பெயரா அரைப் பெயரா என்று தெரிந்த பிறகே மேலதிகக் கிலோ. அதன் பிறகு சேமலாப நிதி. முற்பணப் பிடிப்பு பெயருக்குப் பிறகு. பிடிப்புகள் இரண்டும் முடிந்துதான் துண்டு. இந்த ஏழு சோடிகளை எழுதியதுமே 5,040 வரிசைகள் 6 ஆகச் சுருங்கிவிடும்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு ஆறில் ஒன்றை ஓட்டிவிடுகிறார்கள். உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம். எந்தச் சோடிகளுக்கு இன்னும் முன்பின் தெரியவில்லை என்று பாருங்கள். மூன்றுதான்: நிறை–வருகை, முற்பணம்–மேலதிகக் கிலோ, முற்பணம்–சேமலாப நிதி. ஒவ்வொன்றுக்கும் பெரிய கிளாக்கரிடம் கேட்க வேண்டியது, "ஐயா, இதுக்கு முந்தி அதைச் செஞ்சா என்ன பிழைக்கும்?" என்பதை மட்டும். மூன்றாவது சோடியை முதலில் கேளுங்கள். உழைப்பு 30,000 ரூபா, முற்பணம் 10,000 என்று வைப்போம். நிதிக்குத் தொழிலாளி கட்டும் 8 சதவீதம் 2,400 ரூபா. முற்பணத்தை முதலில் கழித்து, மிஞ்சிய 20,000க்கு நிரல் கணக்கிட்டால் 1,600தான் வரும். தோட்டத்தின் 12 சதவீதமும் 3,600இலிருந்து 2,400க்கு இறங்கும். ஆக, அந்த ஆளின் நிதியில் ஒரே மாதத்தில் 2,000 ரூபா குறையும். எனவே சேமலாப நிதி முன்னே, முற்பணம் பின்னே. மேலதிகக் கிலோ சேமலாப நிதிக்கு முந்தியது என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே இரண்டாவது சோடியும் கேட்காமலே தீர்ந்தது. மிஞ்சுவது 2 வரிசைகள். நிறையும் வருகையும் ஒன்றை ஒன்று தொடாதவை, எது முந்தினாலும் பரவாயில்லை.

டீசோர்ட்டுக்கு ஒரு வரியில் ஒரு சோடி, முந்தியது இடப்பக்கம். உறவே இல்லாத வேலையை இரண்டு தடவை எழுதினால் ஏற்றுக்கொள்ளும். அதன் பெரிய குறை, பல விடைகள் இருந்தாலும் ஒன்றை மட்டும் மௌனமாகக் கொடுப்பது. விடை ஒன்றேதானா என்று அறிய, வந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் ஒவ்வொரு இரண்டும் உள்ளீட்டிலேயே சோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் இல்லாவிட்டாலும் வேறு வரிசை உண்டு. இந்தச் சோதனை நிரலைப் பரிசோதிக்க மலையக ரயில் பாதை நல்ல தரவு: ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை. ஒரு சோடியை நீக்கியதும் நிரல் எச்சரிக்க வேண்டும்.

பைத்தன் மொழியின் 3.9 பதிப்போடு வந்த, இதே வேலையைச் செய்யும் கிராஃப்லிப் (graphlib) நூலகமும் நல்லது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகளைச் சேர்த்தே தரும். ஆனால் அது கேட்பது வேலையையும் அதற்கு முந்தியவற்றையும். டீசோர்ட் கோப்பின் வரிகளை அப்படியே ஊட்டினால் வரிசை தலைகீழாகும், பிழைச்செய்தி எதுவும் வராது.

இது அதற்கு முன், அது இதற்கு முன் என்று வட்டம் வந்தால், லினக்ஸில் உள்ள க்னு டீசோர்ட் வட்டத்தில் உள்ள பெயர்களைச் சொல்லிவிட்டு, பிறகும் ஏதோ ஒரு வரிசையை அச்சிடும். அதனால் வெளியீட்டை நம்பாமல் கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் குறியீட்டைப் (பிழை என்றால் பூச்சியம் அல்லாத எண்) பாருங்கள். தரவுத்தள அட்டவணைகளில் இப்படி வட்டம் வருவது சாதாரணம்: தொழிலாளி அட்டவணை அவர் வேலை செய்யும் டிவிஷனை (தோட்டத்தின் பிரிவை) சுட்டும், டிவிஷன் அட்டவணை அதன் கங்காணியைத் தொழிலாளியாகச் சுட்டும். டிவிஷன் அட்டவணையின் கங்காணிப் பத்தியை (column) வெறுமையாக இருக்க விட்டு, இரண்டு அட்டவணைகளையும் உருவாக்கி, கங்காணியைத் தொழிலாளி அட்டவணையோடு இணைக்கும் அந்நியச் சாவியை (foreign key) கடைசியில் சேர்த்தால் வட்டம் அறுந்துவிடும்.

"உடனடுத்து", "இரண்டில் ஒன்றாவது முன்னே" போன்ற நிபந்தனைகளை டீசோர்ட்டுக்குச் சொல்ல வழியில்லை. எட்டு வேலை வரை எல்லா வரிசைகளையும் நிரலால் அலசிவிடலாம், 40,320தான். பன்னிரண்டு என்றால் 47 கோடியைத் தாண்டும். அப்போது நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடித் தரும் இசட்3 (Z3) போன்ற தீர்ப்பான் மென்பொருளிடம் கொடுங்கள். ஒரு விடை வந்ததும் அந்த விடையை மறுக்கும் நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். விடை இல்லை என்று வந்தால் முதல் விடை ஒன்றேதான்.

ஒவ்வொரு சோடிக்கும் காரணத்தைக் கோப்பிலேயே எழுதி வைப்பது அவசியம். டீசோர்ட்டுக்குக் குறிப்பு வரிகள் தெரியாது, அவற்றையும் வேலைப் பெயராகவே எடுக்கும். முதலில் அந்த வரிகளை செட் (sed) கட்டளையால் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.