எக்ஸ்ட்ரா டிரை ஏன் இனித்தது: இத்தாலிய நுரை ஒயினுடன் எட்டு ஆண்டுகள்

வேலைக்காக இத்தாலியின் பதுவா நகரில் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நம்மில் பலருக்கு அந்தோனியாரின் ஊராக மட்டும் தெரிந்த இந்நகரம், புரொசெக்கோ என்னும் நுரை ஒயினைத் தயாரிக்க அனுமதி பெற்ற ஒன்பது மாகாணங்களுள் ஒன்றின் தலைநகரமும் ஆகும். மாலையில் நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் ஆளுக்கொரு கோப்பை நுரை ஒயின் வாங்குவது, நம் ஊரில் டீ சொல்வதைப் போல இங்கே இயல்பானது. அதுவரை ஒயின் எதையும் சுவைத்தறியாத நான், முதல் ஓராண்டில் விலையையும் புட்டியின் அழகையும் பார்த்தே வாங்கினேன். பெரும்பாலும் தவறாகவே வாங்கினேன்.

முதல் தவறு ஒரு சொல்லால் வந்தது. இனிப்பு பிடிக்காத நண்பர் ஒருவர் விருந்துக்கு வருகிறார் என்று, 'எக்ஸ்ட்ரா டிரை' என அச்சிட்ட புரொசெக்கோவைத் தேர்ந்தெடுத்தேன். 'டிரை' என்றால் இனிப்பற்றது, 'எக்ஸ்ட்ரா' என்றால் அதைவிடவும் இனிப்பற்றது என்பது என் கணக்கு. நண்பர் ஒரு வாய் பருகிவிட்டு, இது இனிக்கிறதே என்றார். பிறகுதான் விவரம் தெரிந்தது: லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் 'புரூட்', 12 முதல் 17 கிராம் வரை 'எக்ஸ்ட்ரா டிரை', 17 முதல் 32 வரை 'டிரை'. அதாவது, 'டிரை' என்று எழுதியிருப்பதே இம்மூன்றிலும் இனிப்பு மிகுந்தது. நுரை ஒயின்கள் இன்றைவிடப் பல மடங்கு இனிப்பாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்து வந்த பெயர்கள் இவை. அன்றைய நாக்குக்கு 17 கிராம் என்பது இனிப்பே இல்லை. உண்மையில், எக்ஸ்ட்ரா டிரையின் ஒரு கோப்பையில் இருப்பது அரைத் தேக்கரண்டி சர்க்கரைதான். ஆயினும் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. புதிதாக வாங்குபவர் லேபிளில் முதலில் தேட வேண்டியது இந்தச் சொல்லையே என்பது என் உறுதியான கருத்து.

அடுத்துப் பார்க்க வேண்டியது, குமிழ் எப்படி உண்டானது என்பது. புரொசெக்கோவில் கிளேரா என்னும் வெள்ளைத் திராட்சை குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும். குமிழை உண்டாக்கும் அதன் இரண்டாவது நொதித்தல், பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. இத்தாலியரான ஃபெதெரிகோ மார்த்தினொத்தி 1895-இல் உருவாக்கிய முறை இது. பின்னர் அதை மேம்படுத்திய பிரெஞ்சுக்காரர் சார்மாவின் பெயரே உலகில் நிலைத்துவிட்டதில் இத்தாலியர்களுக்கு இன்றும் வருத்தம் உண்டு. தொட்டி முறையில் பழத்தின் மணம் கெடாமல் நிற்கும்: பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூக்கள். 'மெத்தொதோ கிளாசிக்கோ' என்று எழுதிய ஒயின்களிலோ, அதே நொதித்தல் ஒவ்வொரு புட்டிக்குள்ளும் தனித்தனியே நடந்து, ஒயின் மாதக்கணக்கில் ஈஸ்ட் வண்டலோடு கிடக்கிறது. அதனால் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசனையும், மெல்லிய, நீடித்த குமிழும் கிடைக்கின்றன.

லொம்பார்தியாவில் இசேயோ ஏரிக்குத் தெற்கே விளையும் ஃபிரான்ச்சாகோர்த்தா இவ்வகையின் முதன்மையான பெயர். சாதாரண வகையே குறைந்தது 18 மாதங்கள் வண்டலோடு இருக்க வேண்டும். ஆண்டு குறிக்கப்பட்டதற்கு 30, 'ரிசெர்வா'வுக்கு 60. அதன் 'சாத்தேன்' வகையில் வெள்ளைத் திராட்சை மட்டுமே சேரும், அழுத்தமும் சற்றுக் குறைவு. நுரை கூர்மையாகக் குத்தாமல் நாக்கில் படர்வதால் புதியவர்களுக்கு நான் இதையே ஊற்றித் தருகிறேன். வடக்கே மலையடிவாரத்துத் திரெந்தோ ஒயின்களும் இதே முறையில் வருபவை. அங்கு ஜூலியோ ஃபெராரி 1902-இல் தொடங்கிய பாரம்பரியம் அது. விலை புரொசெக்கோவைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு ஆகும். அது நியாயமான விலைதான் என்றாலும், வறுத்த நொறுக்குத்தீனியோடு மாலை நேரத்தில் பருகுவதற்கு அதை வாங்குவது வீண் என்றே இன்றும் நினைக்கிறேன்.

புரொசெக்கோவுக்குள்ளேயே தரத்தில் படிகள் உண்டு. சமவெளியையும் உள்ளடக்கிய பரந்த நிலப்பரப்பில் விளைவது 'டிஓசி' என்னும் பிறப்பிடத் தரமுத்திரை பெறும். கொனெலியானோ, வல்தொப்பியாதெனே ஊர்களுக்கு இடைப்பட்ட செங்குத்தான குன்றுகளில், பெரும்பாலும் கையால் பறித்த பழத்திலிருந்து வருவது அதற்கு மேற்படியான 'டிஓசிஜி'. இந்த வரிசை 2009-இல் வகுக்கப்பட்டது. அக்குன்றுகள் 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றன. இரண்டுக்கும் விலை வேறுபாடு சில யூரோக்கள்தான். அந்தச் சில யூரோக்களை நான் தயங்காமல் கொடுக்கிறேன். மாறாக, லேபிளில் பொன்னெழுத்தில் மின்னும் 'மில்லெசிமாத்தோ' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டியதில்லை. ஒயினின் பெரும்பகுதி ஒரே ஆண்டின் அறுவடை என்பதைத் தவிர, புரொசெக்கோவில் அதற்குப் பெரிய பொருள் இல்லை.

அச்சொல்லை நம்பித்தான் மற்றொரு தவறும் செய்தேன். ஆண்டு குறித்த ஒயின் நாள்பட நாள்பட மெருகேறும் என எண்ணி, ஒரு நல்ல புரொசெக்கோவை மூன்று ஆண்டுகள் அலமாரியில் பாதுகாத்துத் திருமண நாளன்று திறந்தேன். குமிழ் சோம்பியிருந்தது, ஆப்பிள் மணம் போய், நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பேறியது போன்ற வாடை மிஞ்சியது. புரொசெக்கோவை வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். அதே அலமாரியில் இருந்த ஃபிரான்ச்சாகோர்த்தா சற்றும் கெடாமல் இருந்ததுதான் அன்றைய ஆறுதல்.

கேக்கோடு புரூட் ஒயினைக் கொடுப்பதும் பலர் செய்யும் பிழை. இனிப்பின் பக்கத்தில் அது வெறும் புளிப்பாகத் தெரியும். கேக்குக்கு உரியது பியெமொந்தே பகுதியின் 'மொஸ்காத்தோ தாஸ்தி'. திராட்சையின் சர்க்கரை முழுவதும் மதுவாக மாறும் முன்பே குளிரூட்டி நொதித்தலை நிறுத்திவிடுவதால் இனிப்பு பழத்தினுடையதாகவே இருக்கும், மதுவும் சுமார் 5 சதவீதத்தில் நின்றுவிடும். புரொசெக்கோவில் அது 11 சதவீதம் அளவில் இருக்கும். எமிலியா பகுதியின் லாம்புருஸ்கோ ஒரு சிவப்பு ஒயின், ஆனாலும் அது நுரைக்கும் என்பதை நம்பவே எனக்குச் சில காலம் பிடித்தது. கொழுப்பு மிகுந்த பன்றியிறைச்சியோடு அதன் இனிப்பில்லாத 'செக்கோ' வகையைச் சுவைத்த பிறகு, அந்த உணவுக்கு வேறெதையும் நான் தேடுவதில்லை.

புட்டியைத் திறக்கும்போது உள்ளே கார் டயரைப் போல் இரு மடங்கு அழுத்தம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு டிகிரி வரை நன்றாகக் குளிரவைத்து, தக்கையைக் கட்டியிருக்கும் கம்பியைத் தளர்த்திய கணம் முதல் கட்டைவிரலைத் தக்கையின் மேலிருந்து எடுக்காமல், தக்கையைப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருப்பினால் ஒரு பெருமூச்சின் ஓசையோடு திறந்துகொள்ளும். ஒடுங்கிய நீள் கோப்பையைவிட, நடுவில் சற்று அகன்ற சாதாரண ஒயின் கோப்பையில்தான் மணம் நன்றாகத் தெரிகிறது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக என் விருப்பம் 'கோல் ஃபோந்தோ' பக்கம் திரும்பியிருக்கிறது. வண்டல் புட்டியின் அடியிலேயே தங்கியிருக்கும் பழைய நாட்டுமுறைப் புரொசெக்கோ இது. இனிப்பு அறவே இல்லை, நிறம் கலங்கல், குமிழும் குறைவு. குன்றுப் பகுதியைச் சேர்ந்த என் அண்டை வீட்டுப் பெரியவர் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே ஊற்றுவார். நான் அசைக்காமல் மேலே தெளிந்திருப்பதை முதலில் பருகிவிட்டுக் கலங்கலைக் கடைசிக் கோப்பைக்கு விட்டுவைக்கிறேன். இதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.